ஒரே ஆவர்த்தனத்தில் ஐந்து பெண்கள்

2014இல் மான்செஸ்டரின் அறிவியல் தொழில்துறை அருங்காட்சியகம் இணையத்தில் ஒரு விளையாட்டை வைத்தது. பாட்டின் ஒரு துண்டு ஒலிக்கும். 'அட, இது தெரியுமே' என்று தோன்றிய கணத்திலேயே பொத்தானை அழுத்த வேண்டும். 1940களிலிருந்து அமோகமாக விற்ற பாடல்களாக ஆயிரத்துக்கும் மேல் சேர்த்திருந்தார்கள். 12,000க்கும் அதிகமானோர் ஆடினார்கள். அபா, மைக்கேல் ஜாக்சன், லேடி காகா எல்லோரையும் தாண்டி முதலிடம் பிடித்தது, 1996இல் ஸ்பைஸ் கேர்ள்ஸ் என்ற ஐந்து பெண்கள் பாடிய 'வானபி'. அதை அடையாளம் காண ஆட்டக்காரர்களுக்குச் சராசரியாகத் தேவைப்பட்டது 2.29 விநாடி. அடுத்து வந்த லூ பேகாவின் 'மாம்போ நம்பர் 5'க்கு 2.48.

தெரியாமலே 'தெரியும்' என்று அழுத்திவிடலாமே? அதற்கும் வழி வைத்திருந்தார் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக ஆய்வாளர் ஜான் ஆஷ்லி பர்கோய்ன். பொத்தானை அழுத்தியதும் ஒலி நின்றுவிடும். பாட்டை மனதுக்குள் ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும். சில விநாடிகளில் ஒலி திரும்பும். சரியான இடத்தில் திரும்பியதா, தள்ளிப் போய்த் திரும்பியதா என்று சொல்ல வேண்டும். பாட்டு உள்ளே ஊறியிருந்தால்தான் சொல்ல முடியும். எனக்கு இந்த முடிவைவிட இந்தப் பொறிதான் அதிகம் பிடித்திருக்கிறது.

2.29 விநாடியில் எவ்வளவு பாட்டு இருக்கும்? 'வானபி'யின் வேகம் நிமிடத்துக்குச் சுமார் 110 தட்டு. நான்கு தட்டு ஓட 2.18 விநாடி ஆகும். அதாவது ஓர் ஆவர்த்தனம் முடிந்து அடுத்தது தொடங்கியதுமே விரல் பொத்தானுக்குப் போய்விட்டது. அதற்குள் மெட்டு என்று பெரிதாக எதுவும் விரிந்திருக்காது. அப்படியானால் காது எதைப் பிடித்துக்கொள்கிறது?

1999இல் ஆய்வாளர் கிளென் ஷெலென்பெர்க்கும் சகாக்களும் செய்த ஒரு சோதனையில் இதற்கு விடை இருக்கிறது. அப்போது வானொலியில் ஓயாமல் ஒலித்த பாடல்களிலிருந்து 200 மில்லி விநாடி, 100 மில்லி விநாடித் துணுக்குகளை வெட்டி எடுத்தார்கள். விநாடியில் பத்தில் ஒரு பங்கு: ஒரு ஸ்வரம்கூட முழுதாக நிற்காத நேரம். தலைப்புகளைக் கையில் கொடுத்து, எந்தத் துணுக்கு எந்தப் பாட்டு என்று கேட்டார்கள். 200இல் தாராளமாகச் சொன்னார்கள்; 100இல் தடுமாறினாலும், குருட்டாம்போக்கில் சொன்னால் கிடைப்பதைவிட நன்றாகவே சொன்னார்கள். அதே 100 மில்லி விநாடித் துணுக்கைப் பின்னோக்கி ஓட்டியபோது யாராலும் முடியவில்லை. உச்ச அதிர்வெண்களை வடிகட்டி எடுத்தபோதும் முடியவில்லை. கீழ் அதிர்வெண்களை எடுத்ததால் எந்த நஷ்டமும் இல்லை.

ஆக, அந்தக் கணத்தில் காது படிப்பது சுருதியையோ தாளத்தையோ அல்ல. ஒரே ஸ்வரத்தை வீணையும் குழலும் எழுப்பும்போது இரண்டையும் வேறாக்கிக் காட்டுகிற குணத்தை, இசைக்காரர்கள் டிம்பர் என்பதைத்தான் படிக்கிறது. அந்தக் குணம் பெரும்பாலும் ஒலி பிறக்கும் முதல் சில பத்து மில்லி விநாடிகளில், மேல் அதிர்வெண்கள் எழுந்து அடங்கும் விதத்தில் இருக்கிறது. பதிவிலிருந்து அந்தத் தொடக்கத்தை மட்டும் நறுக்கி எறிந்துவிட்டால், பழகிய இசைக்கலைஞர்களே எந்த வாத்தியம் என்று குழம்புவார்கள்.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 2019இல் வெளியான ஓர் ஆய்வு கண்ணைக் கவனித்தது. தனக்குப் பிரியமான பாட்டின் துணுக்கு காதில் விழுந்ததும், 100 முதல் 300 மில்லி விநாடிக்குள் கண்ணின் பாவை விரியத் தொடங்கிவிடுகிறது. பத்துப் பேரை வைத்துச் செய்த சிறிய ஆய்வுதான். என்றாலும் ஒன்று தெரிகிறது: 'வானபி'க்கு ஆன 2.29 விநாடியில் கேட்பதற்கான நேரம் கொஞ்சமே. தலைப்புப் பட்டியல் எதுவும் இல்லாமல் நினைவைத் துழாவுவது, 'இதுதானா' என்று உறுதிசெய்துகொள்வது, விரலை அசைப்பது ஆகியவற்றுக்கே மீதி நேரம் போயிருக்க வேண்டும்.

இப்போது பாட்டுக்கு வருவோம். 1994இல் 'த ஸ்டேஜ்' இதழில் வந்த ஒரு விளம்பரத்தைப் பார்த்துத் தேர்வுக்கு வந்த நூற்றுக்கணக்கான பெண்களிலிருந்து உருவான குழு ஸ்பைஸ் கேர்ள்ஸ். மறு ஆண்டே தங்களைச் சேர்த்துவிட்ட நிர்வாகத்தை உதறிவிட்டுக் கிளம்பினார்கள். லண்டன் ஷோர்டிச்சில் உள்ள ஸ்ட்ராங்ரூம் ஒலிப்பதிவுக் கூடத்தில், இசைத் தயாரிப்பாளர்கள் மேட் ரோ, ரிச்சர்ட் ஸ்டான்னார்டு இருவரோடும் உட்கார்ந்து 'வானபி'யை எழுதி முடிக்க ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. ஐவரில் ஒருவரான விக்டோரியா அன்று ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். தொலைபேசியில்தான் கருத்துச் சொன்னார். பாட்டில் அவருக்கென்று தனி வரி இல்லாமல் போனது அதனால்தான்.

இசைத்தட்டு நிறுவனத்துக்கு இதை முதல் பாடலாக வெளியிட மனமில்லை. குழுவின் புதிய நிர்வாகி சைமன் ஃபுல்லர் அமெரிக்க ஒலிப்பொறியாளர் ஒருவரிடம் அனுப்பி, ஆர் அண்ட் பி பாணியில் மெருகேற்றி வாங்கினார். பெண்கள் அதை ஏற்கவில்லை. பின்னர் மார்க் ஸ்டென்ட் கலந்து தந்த வடிவம்தான் உலகம் கேட்டது. ஓடிவரும் காலடிச் சத்தம், ஐவரில் ஒருவரான மெல் பி-யின் ஒரு சிரிப்பு, பிறகுதான் பாட்டு. மெருகு கூடிய பதிப்பு ஜெயித்திருந்தால் அந்த 2.29 கொஞ்சம் நீண்டிருக்கும் என்பது என் ஊகம்.

சிரிப்பை மட்டும் காரணமாக்கிவிட முடியாது. விளையாட்டு எப்போதும் பாட்டைத் தொடக்கத்திலிருந்து போடவில்லை. நடுவிலிருந்தும் துண்டுகள் வந்தன. அந்தத் தரவுகளை அலசியவர்கள், எந்தத் துண்டில் மனிதக் குரல் முன்னால் நிற்கிறதோ அது விரைவாகப் பிடிபடுகிறது என்று கண்டார்கள். இங்கேதான் பல குரல்களின் கணக்கு நேராகிறது. 60களின் சுப்ரீம்ஸ் போன்ற குழுக்களில் ஒரு தலைமைக் குரல், பின்னால் இழையும் துணைக்குரல்கள். ஸ்பைஸ் கேர்ள்ஸ் அப்படி இழையவில்லை. மெல் பி-யின் கரகரப்பு, மெலனி சிஷோமின் கணீர் என்ற உச்சம், எம்மா பன்டனின் மழலை, ஜெரி ஹாலிவெல்லின் பேச்சுத்தொனி எனக் குரல்கள் வரிக்கு வரி கைமாறுகின்றன. டிம்பரைத் தேடும் காதுக்கு எந்தத் துண்டை எடுத்தாலும் ஒரு முகவரி கிடைக்கிறது. 'டாப் ஆஃப் த பாப்ஸ்' இதழ் ஆசிரியர் பீட்டர் லொரெய்ன் ஐவருக்கும் சூட்டிய பட்டப்பெயர்களை வெறும் வியாபாரத் தந்திரம் என்று ஒதுக்குபவர்கள் உண்டு. கண்ணை மூடிக் கேட்டாலும் அந்தப் பெண்களைப் பிரித்துச் சொல்ல முடிகிறது என்பதை இவர்கள் கணக்கில் எடுப்பதில்லை.

புகழுக்கும் பங்கு உண்டுதான். பிரிட்டனில் ஏழு வாரம் முதலிடம், 1997 பிப்ரவரியில் அமெரிக்காவிலும் முதலிடம், 'ஸ்பைஸ்' ஆல்பம் 2 கோடிக்கும் மேல் விற்பனை. அதோடு, ஆடியவர்களில் பலர் 90களில் பிரிட்டிஷ் வானொலி கேட்டு வளர்ந்தவர்களாக இருந்திருப்பார்கள். பதின்வயதில் கேட்டது மற்ற வயதில் கேட்டதைவிட ஆழமாகப் பதியும் என்பது உளவியலாளர்கள் பலமுறை கண்டது. பிள்ளைகள் தம் பெற்றோரின் இளமைக்காலப் பாட்டையும் சேர்த்தே சுமக்கிறார்கள் என்று ஆய்வாளர் கரோல் க்ரம்ஹான்சல் 2013இல் காட்டினார். வீட்டில் ஓடிய பாட்டு அல்லவா!

ஐவராக அவர்கள் நீடித்தது 1998 மே வரைதான். ஜெரி விலகினார். 2012 லண்டன் ஒலிம்பிக் நிறைவு விழாவில் ஐவரும் டாக்சிக் கூரைகளில் ஏறிப் பாடினார்கள். 2024இல் பிரிட்டிஷ் அஞ்சல்துறை அவர்களுக்குத் தனித் தபால்தலை வரிசை வெளியிட்டது.

பர்கோய்னின் கண் தபால்தலைமேல் இல்லை. பாட்டு நினைவில் தங்கும் விதத்தை அறிந்தால் அல்சைமர் நோயாளிகளுக்கு உதவலாம் என்பதும் அவர் நோக்கம். நெடுநாள் பழகிய இசை மூளையில் எங்கே தங்குகிறது என்று லைப்சிக் ஆய்வாளர்கள் 2015இல் தேடியபோது, அந்தப் பகுதி அல்சைமரால் மற்ற இடங்கள் அளவுக்குச் சிதையாமல் இருப்பதைக் கண்டார்கள். 1996இல் பத்து வயதாக இருந்த பிரிட்டிஷ் சிறுமிக்கு 2066இல் 80 வயது ஆகும். அப்போது முதியோர் இல்லங்களில் பாட்டுப் போடுகிற செவிலியர்கள், மென்மையான பழைய மெட்டு எதையும் தேட வேண்டியதில்லை. ஓடிவரும் காலடியோசையும் ஒரு பெண்ணின் அடாவடிச் சிரிப்பும் உள்ள பதிவைத்தான் தேடுவார்கள்.