நான்கு அதிகாரங்களும் ஒரு தளவரிசையும்

இலக்கணம் கற்பிப்பதையே தொழிலாகக் கொண்ட பண்டிதனொருவன் சீமெந்துக் கணக்கு எழுதப் புகுவது சிலருக்கு நகைப்பை விளைக்கலாம். ஆயினும், திருக்குறளின் பொருட்பாலிலே தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் நான்கு அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. அரசியலுள் வைக்கப்பட்டமையால் அவை வேந்தனுக்குரியன என்றே பல்லாண்டுகள் பாடஞ் சொல்லி வந்தேன். பதுளையை அடுத்த தோட்டமொன்றிலே ஒரு சிறு வீட்டுக்குத் தரை போட நேர்ந்தபோதுதான், கையிருப்புக் குறைந்தவனுக்கே அவை முதலில் வேண்டுவன என்பதைக் கற்றேன்.

சென்ற ஆண்டு வைகாசியில் என் பழைய மாணவனொருவன் அப்பியாசக் கொப்பியுடன் வீட்டுக்கு வந்தான். கொழும்பிலே மேசன்மாருக்குக் கையாளாயிருந்து தொழில் பழகியவன். “ஐயா, அம்மாவுக்கு வீட்டுத் தரைய பங்களாத் தரை மாதிரிப் போட்டுக் குடுக்கணும். கணக்குச் சரியான்னு பாத்துச் சொல்லுங்க” என்றான்.

அவன் தாயார் முப்பது ஆண்டுகள் கொழுந்து பறித்தவர். இடையிலே சில ஆண்டுகள் துரை பங்களாவில் வேலை செய்தவர். பல நிறச் சில்லுகள் மின்னும் அந்தத் தரையை நாள்தோறும் துடைத்தவர். அவர் பிறந்து வளர்ந்த லயக் காம்பராவோ பத்துக்குப் பன்னிரண்டு அடி. சாணம் மெழுகிய தரை. இப்பொழுது ஏழு பேர்ச் நிலத்தில் 550 சதுர அடியில் ஒரு வீடு அமைந்திருக்கிறது. சேமலாப நிதியும் சீட்டுப் பணமுமாகச் சேர்ந்த தொகை முழுவதையும் தரையிலே போட மகன் துணிந்திருந்தான்.

தெராசோ எனவும் மொசைக் எனவும் வழங்கும் இத்தளவரிசை, சலவைக்கல் சில்லுகளைச் சீமெந்திற் குழைத்துப் பரப்பி, இறுகியபின் தேய்த்து மெருகூட்டுவது. இத்தாலி நாட்டு வெனிசு நகரிலே, செல்வர் மாளிகைகளுக்குக் கல் பதித்த தொழிலாளர், எஞ்சிய சில்லுகளைத் தம் குடில்களைச் சுற்றிப் பதித்ததிலிருந்து இது பிறந்தது என்பர். அத்தொழிலுக்குப் பேர்பெற்ற பிரியூலிப் பகுதியின் ஸ்பிலிம்பெர்கோ ஊரில் 1922ஆம் ஆண்டு தொடங்கிய மொசைக் கலைப்பள்ளி இன்றும் நடைபெறுகிறது. எச்சத்திற் பிறந்த அழகு ஏழைக்கு அந்நியமன்று.

இனித் தெரிந்துசெயல்வகை. முழு வீட்டையும் ஒருங்கே எண்ணாமல், பழைய காம்பராவின் அளவுள்ள முன்னறையை மட்டும் கணக்கிடுக என்றேன். பத்துக்குப் பன்னிரண்டு, 120 சதுர அடி. அடிப்பரப்பு ஒன்றரை அங்குலம் எனின் 15 கன அடி. மேற்பரப்பு அரை அங்குலம் எனின் 5 கன அடி. அடிப்பரப்புக்கு ஒன்றுக்கு நான்கு என்ற கலவையில் 50 கிலோச் சீமெந்து நான்கு மூட்டையும், மணல் 16 கன அடியும் வேண்டும். மேற்பரப்புக்கு ஒரு பங்கு வெள்ளைச் சீமெந்துக்கு ஒன்றே முக்காற் பங்கு சில்லு. சேதாரமும் சேர்த்துச் சீமெந்து 110 கிலோ, சில்லு ஏறத்தாழ 200 கிலோ. வண்ணப்பொடி சீமெந்தின் நிறையிற் பத்திலொரு பங்கைத் தாண்டலாகாது. ஐந்து கிலோவே போதும். வெடிப்பைத் தடுக்கத் தரையை ஐந்துக்கு நான்கு அடியான ஆறு கட்டங்களாகப் பிரித்தால், இடையில் நிறுத்தும் கண்ணாடிக் கீற்று 32 அடி.

சில்லுக்குக் கொழும்புக்கு ஓட வேண்டுவதில்லை. பதுளை, வெலிமடைப் பகுதிகளில் டொலமைட் கற்படிவுகள் உண்டு. கவ்வாத்துக் காலத்தில் மண்ணின் புளிப்பைப் போக்கத் தேயிலை மலைக்கு இடும் வெண்டூள் அக்கல்லின் பொடியே. தாயார் தோளிற் சுமந்து தூவியதன் உடன்பிறப்பு, சில்லாகிக் கழுவிச் சலித்தால், தரைக்கும் உதவும். ஆயினும் ஓரடிச் சதுரத்தில் மாதிரித் துண்டொன்று வார்த்துத் தேய்த்துப் பார்த்த பின்னரே மூட்டைக்கணக்கில் வாங்க வேண்டும்.

அடுத்தது வலியறிதல். கொப்பியில் பொருள்களெல்லாம் இருந்தன. தேய்க்கும் இயந்திரத்தின் வாடகை இல்லை, மலையேறும் லொறிக்கூலி இல்லை, வேலைக்குப் போகாத நாட்களின் கூலியிழப்பு இல்லை. கண்ணுக்குத் தெரியாத செலவே கடனுக்கு வாயில். விலைகளையும் அவன் மையினால் எழுதியிருந்தான். 2021 மார்ச்சில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1000 ரூபாவாயிற்று. அப்போது ஒரு மூட்டைச் சீமெந்தின் விலையும் ஏறத்தாழ அதுவே. 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் மூட்டை 3000 ரூபாவளவை எட்டியது. சம்பளமோ நின்ற இடத்தில் நின்றது. ஒருநாட் கொழுந்துக்கு வந்த மூட்டை மூன்றுநாட் கொழுந்தைக் கேட்டது! ஆகவே, அளவை மையினாலும் விலையைப் பென்சிலாலும் எழுதுக என்றேன்.

கூட்டிப் பார்த்தான். ஓர் அறைக்கே சேமிப்பிற் பாதி வேண்டியிருந்தது. முழு வீடோ நாலரை மடங்கு. சற்று நேரம் பேசாதிருந்தான். பின்பு தானே, “மத்த அறைக்கெல்லாம் சும்மா சீமெந்து போதும் ஐயா. மணல் ஒரு கியூப் வாங்கினா ஆறு வீட்டு அறைக்குக் காணுமே!” என்றான். நூறு கன அடியைப் பதினாறால் வகுத்தால் ஆறு. நான் காணாததை அவன் கண்டான். அயலார் ஐவர் சேர, லொறிக்கூலியும் இயந்திர வாடகையும் ஆறாகப் பிரிந்தன.

காலமறிதல் எளிது. ஐப்பசி முதல் தை வரை ஊவாவில் மழை ஓயாது. நனைந்த சில்லும் கட்டிபட்ட சீமெந்தும் நட்டமே. ஆனி முதல் ஆவணி வரை உகந்தது. பரப்பிய தரையை ஏழு நாள் ஈரத்திலே வைத்திருக்க வேண்டும். அவசரம் வெடிப்பாய் முடியும். பின்பு காபரண்டம் கல்லாற் பருமனிலிருந்து நுண்மைக்குப் படிப்படியாகத் தேய்த்து, இடையிடையே தோன்றும் நுண்துளைகளை அதே வண்ணச் சீமெந்துக் குழம்பால் அடைக்க வேண்டும். தண்ணீர் விட்டே தேய்ப்பது நெஞ்சுக்குக் காவல். கையுறை தோலுக்குக் காவல்.

இடனறிதலைக் குறள் நான்காவதாக வைத்தது. மலைநாட்டார்க்கு அது முதலாவது. 2014 ஒக்டோபர் 29ஆந் தேதி கொஸ்லந்தை மீரியாபெத்தவில் மண் சரிந்து லயங்களை விழுங்கியதை மறந்தவர் இங்கு எவருமிலர். மண்சரிவு அபாயம் குறித்துத் தேசியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொல்லும் கருத்தையறியாமல் சரிவிலே பணத்தை ஊன்றலாகாது. அவ்வீட்டு நிலம் உறுதியானதே. எனினும், பின்புறக் கரையிலிருந்து நீர் கசிந்தது. முதலில் வடிகால் வெட்டுவித்தேன். ஈரம் ஊறும் அடித்தளத்தின்மேல் எந்த மெருகும் நிலையாது.

ஆவணியிலே சென்று பார்த்தேன். வெண்மையிற் செம்மை கலந்த முன்னறை. ஒரு மூலையில் மட்டம் சற்றே தாழ்ந்திருந்தது. தாயார் செருப்பைக் கழற்றிவிட்டு இஸ்தோப்பிலே நின்றுகொண்டிருந்தார். “உள்ளே வாங்க வாத்தியாரையா” என்று என்னை அழைத்தவர், தாம் நுழையுமுன் புடவைத் தலைப்பால் வாசலோரத்தைத் துடைத்தார். “விடும்மா, நம்ம தரைதானே” என்றான் மகன். அவர் நிமிர்ந்து, மெல்ல நடந்து அறையின் நடுவிலே போய் அமர்ந்தார்.

அந்தக் கொப்பி இப்பொழுது என்னிடம் இருக்கிறது. வலியறிதல் பாடத்தன்று அதனை வகுப்புக்கு எடுத்துச் செல்கிறேன்.