பதிவு ஒருவர் பெயரில், கார் வேறொருவர் கையில்

புது தில்லி: தில்லி கரோல்பாகோ வேறு எந்த நகரத்துப் பழைய கார் சந்தையோ, தரகர் மூலம் காரை விற்கச் செல்பவரிடம் பெரும்பாலும் முதலில் கேட்கப்படுவது கையெழுத்துதான். உரிமை மாற்றத்துக்கான 29, 30-ஆம் எண் படிவங்களில், வாங்குபவரின் பெயர் எழுதும் இடத்தைக் காலியாக விட்டு அவர் கையெழுத்திட்டுத் தருகிறார். தரகர் காரைத் தம் பெயருக்கு மாற்றிக்கொள்வதில்லை. மாற்றினால் பதிவேட்டில் உரிமையாளர்களின் எண்ணிக்கை ஒன்று கூடும், விலை இறங்கும். கார் மூன்று, நான்கு கை மாறும்வரை அந்த வெற்றுப் படிவங்களும் கூடவே பயணிக்கின்றன.

ஒரே மாநிலத்துக்குள் விற்றால் விற்றவர் 14 நாள்களுக்குள்ளும் வாங்கியவர் 30 நாள்களுக்குள்ளும் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-ஆவது பிரிவு. இதைப் பொருட்படுத்தாததன் விலை என்ன என்பதை 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உணர்த்தியது. பதிவு மாற்றமின்றிப் பல கை மாறிய கார் ஒன்று மோதி ஒரு சிறுவன் உயிரிழந்த வழக்கு அது. காரை எப்போதோ விற்றிருந்தாலும், பதிவேட்டில் பெயர் உள்ளவரே சட்டத்தின் பார்வையில் உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருடையதே என்று தீர்ப்பானது.

இதன் பிறகும் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் விழித்துக்கொள்ள நான்கு ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. 2022 டிசம்பரில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 55ஏ முதலான விதிகள் சேர்க்கப்பட்டு, 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தன. பழைய வாகன வணிகர் அங்கீகாரச் சான்று பெற வேண்டும். காரைப் பெற்றதும் இணையவழியில் தெரிவிக்க வேண்டும். அந்தக் கணம் முதல் அவரே உரிமையாளராகக் கருதப்படுவார். நல்ல விதிதான். ஆனால் அங்கீகாரம் பெறாத தரகரைத் தேடிப் பிடிப்பது யார்? அந்தப் பொறுப்பு மாநில அலுவலகங்களின் தலையில் விழுந்தது. இதுபோன்ற விதிகள் இரு அவைகளின் மேஜையிலும் வைக்கப்படுகின்றன. எடுத்துப் படிக்கும் உறுப்பினர்கள் அரிது.

அன்றாடத் தேவைக்குக் கார் வாங்குபவரைவிட இதில் அதிகம் அகப்படுபவர் பழைய கார் ஆர்வலர். கான்டெஸாவோ பழைய ஜிப்ஸியோ விற்பனைக் கூடங்களில் கிடைப்பதில்லை. அவற்றைத் தேடித் தருபவர் தரகர்தான்.

கேரளத்தில் 2025 செப்டம்பரில் சுங்கத் துறை நடத்திய 'நும்கோர்' சோதனை இதன் இன்னொரு முகம். பூடானிலிருந்து போலி ஆவணங்களுடன் கொண்டுவரப்பட்டு இந்தியாவில் பதிவு செய்யப்பட்டவை என்று கூறி 30-க்கும் மேற்பட்ட வாகனங்கள் பறிமுதலாயின. தமது லேண்ட் ரோவர் டிஃபென்டரை நம்பிக்கையோடு முறைப்படி வாங்கியதாகக் கூறி நடிகர் துல்கர் சல்மான் உயர் நீதிமன்றம் சென்றார். தாற்காலிகமாக விடுவிப்பது குறித்துப் பரிசீலிக்குமாறு நீதிமன்றம் சுங்கத் துறையைப் பணித்தது. வழக்கறிஞரை அமர்த்த வசதி உள்ளவருக்கு அந்த வழி உண்டு. சேமிப்பைக் கரைத்து ஒரே ஒரு ஜீப் வாங்கியவர் என்ன செய்வார்?

50 ஆண்டு கடந்த வாகனங்களுக்கென 2021-இல் தனிப் பதிவு முறை வந்தது. அதற்கும் பழைய பதிவுச் சான்று தேவை. இறக்குமதி வாகனமென்றால் சுங்க ஆவணம் வேண்டும். முப்பது ஆண்டுப் பழைய காருக்கு அந்தச் சலுகையும் இல்லை. 15 ஆண்டுகளுக்குப் பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 20 ஆண்டு கடந்த கார்களுக்கான கட்டணம் 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. பணம் கட்ட ஆர்வலர்கள் தயார். ஆனால் விண்ணப்பத்தில் கையெழுத்திட வேண்டியவர், பதிவேட்டில் உள்ள அந்தப் பழைய உரிமையாளர். அவர் காலமாகியிருந்தால், வாரிசுகள் முதலில் 31-ஆம் எண் படிவம் கொடுத்துத் தங்கள் பெயருக்குக் காரை மாற்ற வேண்டும். என்றோ விற்றுவிட்ட காருக்காக அவர்களை அலுவலகத்துக்கு அழைத்துவரும் வேலை, அதை வாங்கியவருடையது. தரகரின் கைப்பேசி எண் அதற்குள் மாறியிருக்கும்.