நீர்ச்சூடாக்கித் தொலைக்கட்டுப்பாடு

நீர்ச்சூடாக்கித் தொலைக்கட்டுப்பாடு என்பது வீட்டில் முன்பே பொருத்தப்பட்டுள்ள மின் நீர்ச்சூடாக்கியைக் கைபேசி வழியாகத் தொலைவிலிருந்து இயக்கவும் நிறுத்தவும் உதவும் ஏற்பாடு ஆகும். நீர்ச்சூடாக்கி பேச்சுவழக்கில் கீசர் என்றும் ஹீட்டர் என்றும் அழைக்கப்படுகிறது. குளிர்நாடுகளில் இவ்வகைக் கட்டுப்பாடு வீடு முழுவதையும் சூடாக்கும் கொதிகலன்களுக்கும் உலைகளுக்கும் பொருத்தப்படுகிறது. தமிழகச் சமவெளியில் அறைகளைச் சூடாக்கும் தேவை இல்லை. ஆகவே இங்கு இது பெரும்பாலும் குளியலறை நீர்ச்சூடாக்கியுடன் தொடர்புடையது.

வரலாறு

வீட்டு வெப்பத்தைத் தானாகக் கட்டுப்படுத்தும் முயற்சி 1880களில் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் நடந்தது. அங்கு ஆல்பர்ட் பட்ஸ் என்பவர், அறை குளிர்ந்தவுடன் நிலக்கரி உலையின் காற்றுக்கதவைத் திறந்துவிடும் கருவியை உருவாக்கினார். 1953இல் ஹனிவெல் நிறுவனத்தின் வட்டவடிவ வெப்பநிலைப்படுத்தி வெளிவந்தது. 2011இல் வெளியான நெஸ்ட் என்னும் கருவி, இணையம் வழியாக இயக்கும் வெப்பநிலைப்படுத்திகளைப் பரவலாக அறியச் செய்தது. இது பழைய உலையை மாற்றாமல், சுவரிலிருந்த பழைய வெப்பநிலைப்படுத்தியை மட்டும் மாற்றிப் பொருத்தக்கூடியதாக இருந்தது.

அமைப்பு

சேமிப்பு வகை நீர்ச்சூடாக்கியில் நீர்க்கலன், சூடேற்றும் மின்சுருள், வெப்பநிலைப்படுத்தி, வெப்பத் துண்டிப்பி, அழுத்த விடுவிப்பு வால்வு ஆகியன உள்ளன. நீர் குறித்த வெப்பநிலையை அடைந்ததும் வெப்பநிலைப்படுத்தி மின்சாரத்தை நிறுத்துகிறது. அது பழுதடைந்து வெப்பம் மேலும் ஏறினால் வெப்பத் துண்டிப்பி செயற்படுகிறது. கலனில் அழுத்தம் மிகுந்தால் வால்வு திறந்து நீரை வெளியேற்றுகிறது.

தொலைக்கட்டுப்பாட்டுக் கருவி இவற்றுள் எதனையும் மாற்றுவதில்லை. அது சுவரிலுள்ள சுவிட்ச் செய்யும் வேலையையே செய்கிறது. அதனுள் ஒரு ரிலேயும் கம்பியில்லா இணைப்புக்கான சில்லும் உள்ளன. கைபேசியிலிருந்து புறப்படும் கட்டளை இணைய வழங்கி வழியாக வீட்டு வைஃபை இணைப்பை அடைந்து ரிலேயை இயக்குகிறது. இத்தகைய கருவிகள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகின்றன.

கருவியின் மின்னோட்டத் தாங்குதிறன் முதன்மையானது. 230 வோல்ட்டில் 2,000 வாட் சூடாக்கி ஏறத்தாழ 8.7 ஆம்பியரும், 3,000 வாட் சூடாக்கி ஏறத்தாழ 13 ஆம்பியரும் மின்னோட்டம் எடுக்கும். எனவே விளக்குக்கும் மின்விசிறிக்கும் உரிய 6 ஆம்பியர் கருவியை இதற்குப் பயன்படுத்துதல் ஆகாது. தொடர்ந்து ஓடும் மின்னோட்டத்தால் கருவி சூடேறுமாதலால் 10 ஆம்பியர் கருவியும் ஏற்றதன்று. 16 ஆம்பியர் வகையே பொருத்தமானது.

நேரமும் மின்செலவும்

15 லிட்டர் நீரை 28 பாகை செல்சியசிலிருந்து 60 பாகைக்குச் சூடாக்க ஏறத்தாழ 0.56 யூனிட் மின்சாரம் வேண்டும். 2,000 வாட் சூடாக்கி இதனை 17 நிமிடங்களில் முடிக்கும். உதகை போன்ற மலையூரில் நீர் 10 பாகையில் இருந்தால் அதே வேலைக்கு 26 நிமிடங்கள் ஆகும். 25 லிட்டர் கலனுக்குச் சமவெளியில் ஏறத்தாழ 28 நிமிடங்கள் தேவை.

நாள் முழுதும் சூடாக்கியை இயக்கத்தில் விட்டால், கலனின் சுவர் வழியாக இழக்கப்படும் வெப்பத்தை ஈடுசெய்ய அது அவ்வப்போது மின்சாரம் எடுக்கும். இந்தியாவில் ஆற்றல் திறன் செயலகம் வழங்கும் நட்சத்திரக் குறியீடு இவ்விழப்பை அடிப்படையாகக் கொண்டது. தொலைக்கட்டுப்பாட்டால் கிடைக்கும் சிக்கனம் இவ்விழப்பைத் தவிர்ப்பது மட்டுமே. குளிப்பதற்குத் தேவையான வெப்பத்தின் அளவு இதனால் குறைவதில்லை. ஆகவே, பயன்படுத்தியபின் சுவிட்சை நிறுத்தும் பழக்கமுள்ள வீட்டில் மின்கட்டணம் குறிப்பிடத்தக்க அளவு குறையாது.

எளாவூர் வட்டாரத்தில் பயன்பாடு

எளாவூர் திருவள்ளூர் மாவட்டம் கும்மிடிப்பூண்டி வட்டத்தில், ஆந்திர எல்லையை அடுத்து, சென்னை–கொல்கத்தா தேசிய நெடுஞ்சாலையில் அமைந்துள்ளது. மார்கழி, தை மாதங்களின் விடியற்காலையிலேயே இங்கு வெந்நீர் மிகுதியாக வேண்டப்படும். ஆயினும் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் மாற்றுப்பணி முறையில் வேலை செய்வோர் வீடு திரும்பும் நேரம் ஒன்றுபோல் இருப்பதில்லை. அவர்களுக்கு நேரம் குறித்துவைக்கும் கருவியைவிடத் தொலைவிலிருந்து இயக்கும் கருவி பொருத்தமானது. பணி முடிந்து புறப்படுகையில் கட்டளை அனுப்பினால் வீடு சேர்வதற்குள் நீர் சூடாகிவிடும்.

இவ்வட்டாரத்தின் தெற்கேயுள்ள மீஞ்சூர்ப் பகுதியில் கடல்நீர் உட்புகுந்து நிலத்தடி நீர் உவர்ப்பாகியுள்ளது. உவர்நீர் கலனை அரிக்கும். கடினநீர் மின்சுருளின்மீது சுண்ணப்படிவை உண்டாக்கும். இத்தகைய நீரைப் பயன்படுத்தும் வீடுகளில் புதிய கருவியைப் பொருத்துமுன் கலன், மின்சுருள், அரிப்பைத் தாங்கும் மக்னீசியத் தண்டு ஆகியவற்றைச் சோதித்தல் வேண்டும்.

பாதுகாப்பு

சுவரிலுள்ள சுவிட்சைப் போடுபவர் சூடாக்கியின் அருகில் இருக்கிறார். நீர்க்கசிவையும் கருகல் நாற்றத்தையும் அவர் உடனே அறிவார். தொலைவிலிருந்து இயக்குபவருக்கு இவை தெரியா. ஆகையால் கீழ்க்காண்பவை இன்றியமையாதவை:

* வெப்பநிலைப்படுத்தி, வெப்பத் துண்டிப்பி, வால்வு ஆகியவற்றை நீக்கவோ நேரிணைப்பால் தாண்டிச் செல்லவோ கூடாது. ரிலேயின் தொடுமுனைகள் உருகி ஒட்டிக்கொண்டால் நிறுத்தும் கட்டளை பயனளிக்காது. அப்பொழுது வெப்பத்தைக் கட்டுப்படுத்துபவை இவையே.
* எர்த் இணைப்பு சரியாக இருத்தல் வேண்டும். 30 மில்லி ஆம்பியர் மின்கசிவுத் துண்டிப்பியும் தேவை.
* பல கருவிகள் ஒரு கம்பியை மட்டுமே துண்டிக்கின்றன. ஃபேஸ், நியூட்ரல் கம்பிகள் இடம்மாறியிருந்தால், நிறுத்தியபின்னும் மின்சுருளில் மின்னழுத்தம் இருக்கும். எனவே குளிக்குமுன் சுவர் சுவிட்சையும் நிறுத்துவது நல்லது.
* மேல்நிலைத் தொட்டி வற்றி, நீர்வரத்துக் குழாயின் ஒருவழி வால்வும் பழுதாகியிருந்தால் கலன் வெறுமையாகக்கூடும். வெற்றுக் கலனில் மின்சுருள் எரிந்துவிடும்.
* மின்தடை நீங்கியபின் சூடாக்கி தானாக இயங்காதவாறு கருவியை அமைத்தல் வேண்டும்.
* கருவியை ஈரம் படாதவாறு குளியலறைக்கு வெளியே பொருத்துதல் வேண்டும்.

எரிவாயு நீர்ச்சூடாக்கிக்கு இம்முறை உரியதன்று. குழாயைத் திறந்ததும் எரியும் வகையில் தொலைவிலிருந்து முன்கூட்டியே சூடாக்க வேண்டிய தேவையில்லை. காற்றோட்டம் குறைந்த அறையில் அது எரிந்தால் உயிரைப் பறிக்கும் கார்பன் மோனாக்சைடு உண்டாகும்.

இணையச் சார்பு

நீர்ச்சூடாக்கியோ கொதிகலனோ பல ஆண்டுகள் உழைக்கும். அதனோடு இணைக்கப்படும் இணையச் சேவை அவ்வளவு காலம் நீடிக்கும் என்பதற்கு உறுதியில்லை. 2014இல் நெஸ்ட் நிறுவனத்தை வாங்கிய கூகிள், 2025 அக்டோபர் 25 அன்று முதலிரு தலைமுறை நெஸ்ட் வெப்பநிலைப்படுத்திகளுக்கான ஆதரவை நிறுத்தியது. அக்கருவிகளைச் சுவரிலிருந்தபடி கையால் இயக்க இயலும். கைபேசியால் இயக்க இயலாது.  ஆகவே நீர்ச்சூடாக்கிக்குக் கருவியைத் தெரிவு செய்கையிலும், இணையம் இல்லாதபோது பொத்தானை அழுத்தி இயக்கக்கூடியதையே தெரிவு செய்தல் வேண்டும். பழைய சுவர் சுவிட்சையும் நீக்காமல் வைத்திருத்தல் நன்று.