பலகணிக்குப் பின்னால் கொற்றவை

விழுப்புரம் மாவட்டத்துப் பிரம்மதேசத்தில் பாதாளீஸ்வரர், பிரம்மபுரீஸ்வரர் கோயில்களைப் பார்க்கப் போனால், அந்தக் கையோடு வீடு திரும்பிவிடாதீர்கள். வண்டியைச் செஞ்சிப் பக்கம் விடுங்கள். அதே மாவட்டம்தான். செஞ்சியை ஒட்டிய சிங்கவரம் குன்றில், பல்லவர் குடைந்த கோயிலில், அரங்கநாதர் பாறையோடு பாறையாகப் பள்ளிகொண்டிருக்கிறார். பெருமாளைச் சேவித்ததும் பலர் படியிறங்கிவிடுகிறார்கள். அடடா, விஷயமே தாயார் சன்னதிப் பக்கம்தானே இருக்கிறது! அங்கே ஒரு சின்னப் பலகணி. கண்ணை ஒட்டிவைத்துப் பாருங்கள். எருமைத் தலைமேல் நிற்கிறாள் கொற்றவை! பெருமாள் கோயிலுக்குள், ஒளித்துவைத்தாற்போல!

அவள் காலடியில் மண்டியிட்டிருப்பவர்கள் யார்? அதற்கு மாமல்லபுரம் போக வேண்டும். ஐந்து ரதங்களில் மிகச் சிறியது திரௌபதி ரதம். ஏழாம் நூற்றாண்டு வேலை. வெளியிலிருந்து பார்த்தால் கூரைவேய்ந்த குடிசை. உள்சுவரில் தேவி நிற்கிறாள். மேலே பூதகணங்கள், கீழே இரண்டு பேர். அதில் ஒருவனை மட்டும் உற்றுப் பாருங்கள். ஒரு கையால் தன் தலைமுடியைத் தானே கொத்தாகப் பற்றியிருக்கிறான். மற்றொரு கையில் வாள்.

முடி காணிக்கையா? அப்படித்தான் முதலில் தோன்றும். ஆனால் வாள் இருக்கும் இடம் முடியல்ல, கழுத்து! அறுபட்ட தலை உருண்டுவிடாமல் தேவிக்குச் சேர வேண்டும். அதற்காகத்தான் முடியைப் பிடித்திருக்கிறான் என்று நான் படிக்கிறேன். டச்சு அறிஞர் வோகல் 1931இல் இந்தத் தலைக்காணிக்கையைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார். சான்றுக்கா பஞ்சம்? சிலப்பதிகார இந்திரவிழாவில் வீரர்கள் தங்கள் தலையைப் பலியிடுகிறார்கள். மணிமேகலையின் காடமர் செல்வி கோட்டத்தில் மரக்கிளைகளில் தலைகள் தொங்குகின்றன. கலிங்கத்துப்பரணியின் காளி கோயிலைச் சொல்லவே வேண்டாம். ஆந்திரத்து மல்லத்தில் கம்பவர்மன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, உடலின் ஒன்பது இடங்களில் சதையை அரிந்து, பிறகு தலையையும் கொடுத்த ஒருவனைப் பெயரோடு சொல்கிறது. நவகண்டம் என்னும் இந்த வழக்கம் வெறும் கவிக்கற்பனை அல்ல.

இதோடு ஒப்பிட ஒரு மேலைநாட்டு ஓவியம் நினைவுக்கு வருகிறது. இத்தாலிய ஓவியர் டிஷியன் முதுமையில், 1570களில் வரைந்த மார்சியஸ் ஓவியம் இப்போது செக் நாட்டில் இருக்கிறது. இசைப் போட்டியில் அப்பல்லோவிடம் தோற்ற மார்சியஸைத் தலைகீழாகக் கட்டித் தோலுரிக்கிறார்கள். ஒரு குட்டி நாய் ரத்தத்தை நக்குகிறது. ஓரமாக யோசனையில் உட்கார்ந்திருக்கும் மைதாஸ் மன்னனின் முகம் டிஷியனின் சொந்த முகம்தான் என்று பலர் சொல்கிறார்கள். அங்கே தெய்வம் தண்டிக்கிறது, மார்சியஸ் துடிக்கிறான். இங்கே வாள் பக்தன் கையில்! பல்லவச் சிற்பி ஒரு சொட்டு ரத்தம்கூடச் செதுக்கவில்லை. வெட்டு விழுவதற்கு ஒரு கணம் முன்பே உளியை நிறுத்திவிட்டான். தேவியின் கையோ அபயம் காட்டுகிறது. இரண்டில் என்னை அதிகம் குலைநடுங்க வைப்பது இந்தப் பல்லவச் சிற்பம்தான்.

திரௌபதி ரதம் மேற்குப் பார்த்தது. பிற்பகலில் போனால் வெளிச்சம் உள்ளே விழும். சிங்கவரத்துக்கு நடை திறந்திருக்கும் நேரம் பார்த்துப் போங்கள். பலகணி எதுவென்று அர்ச்சகரைக் கேட்டால் காட்டுவார். இரண்டு இடத்திலும் தேவியின் முகத்தோடு நின்றுவிடாமல் காலடியையும் பாருங்கள்.