தானே தின்று மிச்சம் தரும் எந்திரம்

சுவிட்சர்லாந்தின் நியூஷாடெல் நகருக்காகச் செய்த ஒரு மின் எந்திரத்தை 1939-ல் சோதித்துப் பார்த்தார்கள். அதன் டர்பைன் தந்த திறன் 15,400 கிலோவாட். அதில் 11,400 கிலோவாட்டை எந்திரமே எடுத்துக்கொண்டது. மிஞ்சியது 4,000. பிரௌன் பொவேரி நிறுவனம் செய்த அந்த எந்திரம்தான், பொது மின்வழங்கலுக்காக உலகில் முதன்முதலில் அமைந்த கேஸ் டர்பைன். சோதனையை நடத்திய பேராசிரியர் அவுரெல் ஸ்டோடோலாவுக்கு அப்போது வயது 80.

அந்த 11,400 எங்கே போயிற்று? காற்றை அமுக்குவதற்கு. கேஸ் டர்பைன் வெளிக்காற்றை உறிஞ்சுகிறது. கம்ப்ரசர் அதை நெருக்குகிறது. நெருங்கிய காற்றில் எரிபொருள் எரிகிறது. சூடேறிய வாயு விரிந்து, டர்பைன் இறக்கைகளைத் தள்ளிக்கொண்டு வெளியேறுகிறது. டர்பைன் சுழலும் தண்டுதான் கம்ப்ரசரையும் ஜெனரேட்டரையும் சுழற்ற வேண்டும். அனல் மின் நிலையத்தில் அழுத்தம் ஏற்றுவது தண்ணீருக்கு. தண்ணீர் அமுங்காது, பம்புக்கு வேலை சொற்பம். காற்றோ எவ்வளவு அமுக்கினாலும் திமிறும். நார்வேயின் எகிடியஸ் எல்லிங் 1903-ல் பெரும்பாடு பட்டு மிச்சம் பிடித்தது வெறும் 11 குதிரைத்திறன். அதையே நான் ஒரு சாதனை என்பேன். அதற்கு முன் பலரது எந்திரங்கள் தம்மைத் தாமே சுழற்றிக்கொள்ளவும் திணறின.

மிச்சம் கூட வேண்டுமானால் வாயு இன்னும் சூடாக வேண்டும். நியூஷாடெலில் 550 டிகிரி செல்சியஸோடு நிறுத்திக்கொண்டார்கள். அதற்கு மேல் அன்றைய எஃகு தாங்காது. சூட்டைத் தணிக்க, எரிவதற்குத் தேவையானதைவிடப் பல மடங்கு காற்றை உள்ளே விட்டார்கள். அந்தக் காற்றையும் அமுக்கித்தானே ஆக வேண்டும்!

இந்த முடிச்சை அவிழ்த்தவை இறக்கைகள். இன்றைய பெரிய டர்பைன்களில் வாயு 1,500 டிகிரியையும் தாண்டுகிறது. அது இறக்கையின் நிக்கல் கலவை உருகும் வெப்பத்தைவிட அதிகம். ஆனாலும் இறக்கை உருகுவதில்லை. உள்ளே குடைந்த வழிகளில் காற்று ஓடுகிறது. மேலே நுண்துளைகளில் கசிந்து மெல்லிய போர்வையாகப் படிகிறது. குளிர்விக்கும் அந்தக் காற்றே கம்ப்ரசரிலிருந்து பல நூறு டிகிரி சூட்டில்தான் வருகிறது. உலோகம் முழுவதையும் ஒரே படிகமாக வார்ப்பதும் உண்டு. வேகமான சுழற்சியில் இழுபட்டு நீளாமல் இருப்பதற்காக.

நியூஷாடெலில் எரிபொருளின் ஆற்றலில் சுமார் 17 சதவீதம்தான் மின்சாரமானது. பெரும்பகுதி சூடான புகையாக வெளியே போனது. அந்தப் புகையை ஒரு கொதிகலன் வழியே செலுத்தி, நீராவி எடுத்து, இன்னொரு டர்பைனைச் சுழற்றுவதுதான் கூட்டுச் சுழற்சி முறை. பிரான்ஸின் பூஷேன் நிலையம் 2016-ல் இதில் 62.22 சதவீதத்தை எட்டியது.

புகையைப் பயன்படுத்துவது, அப்படியே விட்டுவிடுவது என இரண்டு வகையும் நம் ஊரில் உண்டு. திருவாரூர் மாவட்டக் கோவில்களப்பாலிலும் இராமநாதபுரத்து வழுதூரிலும், அந்தந்த வட்டாரத்து மண்ணுக்கடியில் கிடைக்கும் இயற்கை எரிவாயுவைக் கொண்டு கூட்டுச் சுழற்சி நிலையங்கள் அமைந்தன. சென்னை பேசின் பிரிட்ஜில் நாப்தா என்ற பெட்ரோலிய எரிபொருளால் ஓடும் வகையில் 30 மெகாவாட் டர்பைன்கள் நான்கு அமைந்தன. அங்கே புகையைப் பிடிக்கக் கொதிகலன் இல்லை. செலவு கூடுதல்தான். ஆனால் மாலை உச்ச நேரத்தில் மின்தேவை ஏறும்போது, நிலக்கரிக் கொதிகலன் சூடேறப் பல மணி நேரம் காத்திருக்க முடியாது. இந்த டர்பைன் சில நிமிடங்களில் சுமை ஏற்கும்.

நியூஷாடெல் எந்திரமும் இப்படி அவசரத் தேவைக்காக நிறுவப்பட்டதுதான். 2002 வரை, 63 ஆண்டுகள், அது பணியில் இருந்தது.