அட்டை வந்து ஊசி போடாது

மருத்துவச் சீர்திருத்தம் என்று பேச்செடுத்தாலே, காப்பீட்டுத் தொகையை இன்னும் எவ்வளவு உயர்த்தலாம் என்பதில்தான் அது போய் நிற்கிறது. தமிழ்நாட்டில் 2009இல் தொடங்கிய அரசுக் காப்பீடு 2012இல் விரிந்தது. பிறகு மத்திய அரசின் திட்டத்தோடும் இணைந்தது. இன்று ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கிறது. நல்லதுதான். ஆனால் உத்திரமேரூர் வட்டத்து மானாம்பதியில் ஒருவருக்கு நடுராத்திரியில் நெஞ்சை அடைக்கிறது என்று வையுங்கள். 108 வண்டி வந்தாலும் உத்திரமேரூர், காஞ்சிபுரம், அங்கேயும் முடியாதென்றால் செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்று வழி நீண்டுகொண்டே போகும். காப்பீட்டு அட்டை செல்லுபடியாகும் வாசலை அடையும்வரை அந்த உயிரைப் பிடித்து வைத்திருக்க, பக்கத்தில் ராத்திரியிலும் கதவு திறந்திருக்கும் ஓர் இடம் வேண்டும். சீர்திருத்தத்துக்கென ஒதுக்கும் அடுத்த ரூபாய் அங்கேதான் போக வேண்டும் என்பது என் வாதம்.

காப்பீடு பெரும்பாலும் படுக்கையில் சேர்த்த பிறகுதான் பேசத் தொடங்குகிறது. நம் குடும்பங்களின் கைக்காசு கரைவதோ மாத்திரையில், வெளிநோயாளியாகப் போய்வரும் செலவில், ஓ.பி. சீட்டுக்கு நின்று இழந்த ஒரு நாள் கூலியில். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை இடையில் நின்றுபோனால் சில ஆண்டுகளில் பக்கவாதம் வரலாம் அல்லது சிறுநீரகம் பழுதாகலாம். அப்போது டயாலிசிஸுக்குக் காப்பீடு பணம் கட்டுகிறது. மாத்திரை தடைபடாமல் இருந்திருந்தால் அந்தச் செலவில் பெரும்பகுதி தேவைப்பட்டிருக்காது. 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இந்தக் கணக்கைப் புரிந்துகொண்ட திட்டம். அது வீட்டுக்கு மாத்திரை கொண்டுபோக முடிந்ததற்குப் பின்னால் 1994இல் உருவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் இருக்கிறது: மொத்தக் கொள்முதல், மாவட்டக் கிடங்கு, எந்த மருத்துவமனை எவ்வளவு மருந்து எடுத்தது என்று பதியும் பாஸ்புக். பார்க்க எளிய ஏற்பாடுகள். பல மாநிலங்கள் வந்து கற்றுக்கொண்டு போனவை.

மருந்தைப் போலவே ஆட்களையும் ஊரிலேயே உட்காரவைத்தால் என்ன நடக்கும் என்பதற்குப் பிரசவமே சாட்சி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மூன்று செவிலியரை முறை வைத்து 24 மணி நேரமும் இருக்கச் செய்தது தமிழ்நாடு. கிராம சுகாதாரச் செவிலியர் வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளைப் பதிவு செய்தார். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவ நிலையங்களில் நடந்தன. இப்போது பிரசவங்கள் பெரிய மருத்துவமனைகளை நோக்கி நகர்கின்றன. என்னை உறுத்தும் கவலை இதுதான்: பிரசவம் குறைந்துவிட்டதே, இனி ராத்திரி முறைக்குச் செவிலியர் எதற்கு என்று எந்தக் கோப்பிலாவது ஒரு வரி ஏறிவிடக் கூடாது. பாம்புக் கடிக்கும், பூச்சிமருந்து குடித்தவருக்கும், மூச்சிழுப்புக்கும் ராத்திரி என்றும் பகல் என்றும் கிடையாது. ஆளை முன்வைப்பது புதிய யோசனையும் அல்ல. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஓர் ஆதுலசாலையை, அதாவது மருத்துவமனையை, சொல்கிறது. 15 படுக்கை, ஒரு மருத்துவர், ஓர் அறுவை மருத்துவர், மூலிகை கொண்டுவர இருவர், பணிவிடைக்குப் பெண்கள் இருவர், இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளின் பட்டியல், ராத்திரி விளக்குக்கு எண்ணெய். பெரும் சிகிச்சைக்கு இத்தனை பொன் என்று எழுதி வைக்கவில்லை; யார் யார் இருக்க வேண்டும், அவர்களுக்கு என்ன கூலி என்றுதான் எழுதினார்கள்.

காப்பீடு இல்லாவிட்டால் இதய அறுவைக்கு ஏழைகள் நிலத்தை விற்பார்களே என்று கேட்கலாம். உண்மை, காப்பீட்டை நிறுத்தச் சொல்லவில்லை. கிராமத்துக்கு மருத்துவர்கள் வருவதில்லை என்பது கனமான மறுப்பு. அதற்குத் தமிழ்நாட்டிலேயே விடை உண்டு. அரசுப் பணியில் இருக்கும் மருத்துவர்களுக்கு முதுநிலைப் படிப்பில் 50 சதவீத இடம் என்ற ஏற்பாடு, இளம் மருத்துவர்களைக் கிராமங்களுக்கு இழுத்துவந்தது. அப்படி ஒதுக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டென்று 2020இல் உச்ச நீதிமன்றமும் சொன்னது. தாய்லாந்து 2002இல் எல்லோருக்கும் மருத்துவம் என்று அறிவிப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே மாவட்ட மருத்துவமனைகளைக் கட்டி, படித்து முடித்த மருத்துவர்களைக் கட்டாயமாகக் கிராமத்துக்கு அனுப்பியது. அங்கே ஆளும் கட்டடமும் முதலில் வந்தன, அட்டை பிறகுதான் வந்தது. நம் 2017 தேசிய நலவாழ்வுக் கொள்கையும் அரசின் மருத்துவச் செலவில் மூன்றில் இரண்டு பங்கு ஆரம்ப நிலைக்குப் போக வேண்டும் என்கிறது. 2025க்குள் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதம் செலவிடுவோம் என்றும் அதில் எழுதியிருக்கிறது. அந்த ஆண்டு வந்து போய்விட்டது, இலக்கை எட்டவில்லை.

ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாள்களில் உங்கள் ஊரில் கிராம சபை கூடும். மானாம்பதியோ வேறு ஊரோ, எழுந்து ஒன்றைக் கேளுங்கள்: நம் சுகாதார நிலையத்தில் செவிலியர் இடங்கள் எத்தனை, இன்றைக்கு ராத்திரி இருக்கப்போவது யார்? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.