வீடு திரும்பிய பின் புண்ணின் நிலை

சத்திரசிகிச்சை முடிந்தது, தையலிடப்பட்டது, நோயாளர் நலமுடன் வீடு திரும்பினார். வைத்தியசாலையின் ஏடு இவ்விடத்தில் மூடப்படுகின்றது. ஆயின், புண்ணின் கதை இவ்விடத்தில் முடிவதில்லை.

காயத்திற் புகுந்த கிருமி பெருகிச் சீழாக வெளிப்படப் பல நாட்கள் செல்லலாம். ஆகவேதான், சத்திரசிகிச்சை நடந்து 30 நாட்களுக்குள் அக்காயத்தில் தோன்றும் தொற்றினை அச்சிகிச்சையைச் சார்ந்ததாகவே கணக்கிடுகின்றனர். செயற்கை மூட்டுப் பொருத்தப்பட்டவிடத்து, ஆழ்ந்த தொற்றுக்கு இவ்வெல்லை 90 நாட்களாகும். முன்னர் வாரக்கணக்கிற் கட்டிலிற் கிடந்தோர் இன்று சில நாட்களிலே வீடு செல்கின்றனர். சீசர் சத்திரசிகிச்சைக்குள்ளான தாய்மாரிடம் தோன்றும் தொற்றுக்களிற் பெரும்பாலானவை வீட்டிலேயே வெளிப்படுகின்றன.

இதனால் ஒரு விந்தை நேர்கின்றது. வாயிலுக்கு உள்ளே மட்டும் எண்ணும் வைத்தியசாலை தூய்மையானதாகத் தோன்றும்; வீடுவரை தேடி எண்ணும் வைத்தியசாலையோ குறையுடையதாகத் தோன்றும். தேடாமையாற் பெற்ற நற்பெயர் நற்பெயராகுமா?

எண்ணுவதாற் பயன் உண்டா எனின், உண்டு. கனடாவின் கல்கரி நகரில் குரூஸ், ஃபூர்ட் என்னும் இருவர் 62,939 காயங்களைப் பத்தாண்டுகள் ஆராய்ந்து, 1980 ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். அமெரிக்க வைத்தியசாலைகள் பற்றி 1985 ஆம் ஆண்டில் வெளியான பேராய்வு, கண்காணிப்பும் தடுப்பும் செம்மையாக அமைந்த இடங்களில் வைத்தியசாலைத் தொற்றுக்கள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைந்தமையைக் காட்டிற்று. தம் சிகிச்சையின் பின்விளைவை எண்ணிக்கையாகக் கண்ட வைத்தியர், கைகழுவுதல் முதலாகக் கருவிகளைத் தூய்மை செய்தல் ஈறாக அனைத்தையும் மீளாய்வு செய்ய இடமுண்டாகின்றது.

வீடு சென்றோரை அறியும் வழிகள் பல: மறுபரிசோதனை, தொலைபேசி விசாரணை, வினாத்தாள், வீட்டுத் தரிசிப்பு. எதுவும் குறையற்றதன்று. இயல்பான சிவப்பைத் தொற்றென நோயாளர் மயங்குவர். வேறிடத்தில் மருந்து பெற்றவர் கணக்கிலிருந்து நழுவுவர். எனவே வழிகளை இணைத்துக் கையாளுதல் நன்று. இலங்கையில் மகப்பேற்றின் பின் வீடு தேடி வரும் குடும்பநல உத்தியோகத்தர், தாயின் காயத்தைப் பார்த்தறியத்தக்க நிலையில் உள்ளார்.

நோயாளரின் பங்கும் சிறிதன்று. நாளுக்குநாள் பரவும் சிவப்பு, சூடு, மிகும் நோவு, சீழ், தையல் பிரிதல், காய்ச்சல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் தாமதியாது வைத்தியரை நாடுதல் வேண்டும். வேறிடம் சென்றாலும், சிகிச்சை செய்த வைத்தியசாலைக்கு அறிவித்தல் வேண்டும். அவ்வறிவிப்பு அவரை மட்டுமன்றி, நாளை அதே கட்டிலிற் கிடத்தப்படும் மற்றொருவரையும் காக்கும்.